சிசுவின் நித்திரையும் சப்தமானியும்

தொழிற்சாலைகளில் எழும் சப்தத்தை அளந்து, அது அங்கு வேலை செய்கிறவர்களின் செவிக்குத் தீங்கு செய்யும் எல்லையை எட்டியிருக்கிறதா என்று சொல்வதே நான் ஜீவனத்துக்காக மேற்கொண்ட தொழில். ஸ்ரீபெரும்புதூரையும் ஒரகடத்தையும் சுற்றியுள்ள பிரதேசத்தில், தகடு அடிக்கும் பிரஸ் ஷாப்புகளிலும் கம்ப்ரஸர் அறைகளிலும் ஜெனரேட்டர் கொட்டகைகளிலும் சப்தமானியைக் கையில் ஏந்தி நின்றே என் வயதின் பெரும்பகுதி கழிந்தது. அப்படிப்பட்டவனுக்குத் தொழிலின் பிற்பகுதியில், பிறந்து சில மாதங்களே ஆன சிசுக்கள் உறங்கும் அறைகளிலிருந்து அழைப்பு வரத் தொடங்கியது. இடைவிடாத ஓர் இரைச்சலை எழுப்பிக் குழந்தைகளை உறங்கவைப்பதற்கென்று செய்யப்பட்டு, ஜனங்களால் ‘ஒயிட் நாய்ஸ் மிஷின்’ என்று வழங்கப்படும் சிறு யந்திரங்கள் காப்பகங்களிலும் வீடுகளிலும் புழக்கத்துக்கு வந்தபோது, அவற்றால் குழந்தைக்கு நன்மையா தீமையா என்ற கேள்வி, வைத்தியரிடம் போவதற்கு முன்பாகவே, சப்தத்தை அளக்கத் தெரிந்தவன் என்ற காரணத்தால் என்னிடம் வந்தது. அந்த அனுபவத்தில் நான் கண்டவற்றையும், அவற்றால் எனக்கு உறுதிப்பட்ட அபிப்பிராயத்தையும் இங்கே எழுதுகிறேன்.

ஸ்ரீபெரும்புதூர், 1017-ல் ராமானுஜர் அவதரித்த ஸ்தலம். ஏரிகளும் அவற்றின் பாசனத்தில் விளைந்த நெல்வயல்களுமாக இருந்த இந்தச் சீமையில், 1990களின் பிற்பாதியில் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார்த் தொழிற்சாலை எழுந்து, 1998-ல் அதன் முதல் கார்கள் விற்பனைக்கு வந்தன. அதன்பின் கண்ணாடி, கைபேசி, டயர், லாரி, மோட்டார் சைக்கிள் என்று ஒன்றன்பின் ஒன்றாகத் தொழில்கள் வந்து சேர, வண்டலூர்–வாலாஜாபாத் சாலையும் சிங்கப்பெருமாள்கோயில்–ஸ்ரீபெரும்புதூர் சாலையும் சந்திக்கும் ஒரகடம் கூட்டுரோடு இரவென்றும் பகலென்றும் பேதமில்லாத இடமாக மாறிற்று. தொழில் வந்ததனால் இங்குள்ள குடும்பங்களுக்கு உண்டான நன்மைகள் பல. அவற்றை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் ஷிஃப்ட் முறை வந்தபோது கூடவே ஒரு நஷ்டமும் வந்தது. ஊர் முழுவதும் ஒரே நேரத்தில் உறங்கி ஒரே நேரத்தில் விழிக்கும் வழக்கம் போயிற்று. காலை ஷிஃப்டுக்குப் புறப்படுகிறவர்களை ஏற்றிச் செல்லும் கம்பெனி பஸ்கள் விடிவதற்கு முன்பே தெருமுனையில் ஹாரன் அடிக்கின்றன. நடு ஷிஃப்ட் முடிந்தவர்கள் இரவு பதினொரு மணிக்கு வந்து இரும்புக் கேட்டைத் திறக்கிறார்கள். இரவு ஷிஃப்ட் முடிந்தவர் காலையில் வந்து படுக்கும்போது பக்கத்து வீட்டில் மிக்ஸி ஓடுகிறது. இத்தனைக்கும் நடுவே, பத்தடிக்குப் பத்தடி கான்கிரீட் அறைகளை வரிசையாகக் கட்டி வாடகைக்கு விட்டிருக்கும் லைன் வீடுகளில், பச்சைக் குழந்தைகளும் வளர்கின்றன.

பிறந்த சிசு ஒரு நாளில் 14 முதல் 17 மணி நேரம் வரை உறங்க வேண்டும் என்பது வைத்தியர்களின் கணக்கு. அந்த உறக்கத்தில் ஏறக்குறையப் பாதி, கண்ணிமைகள் துடிக்கவும் கைகால்கள் அசையவும் நிகழ்கிற மேலோட்டமான உறக்கம். சிறு ஒலி கேட்டாலும் அது கலைந்துவிடும். இரவு பகல் என்ற கிரமம் குழந்தையின் உடம்பில் படிவதற்கு முதல் இரண்டு மூன்று மாதங்கள் செல்லும். ஆகவே எந்தப் பருவத்தில் மனிதனுக்கு நித்திரை மிகவும் அவசியமோ, அந்தப் பருவத்திலேயே அது மிகவும் எளிதில் கலையக் கூடியதாகவும் இருக்கிறது. தந்தை ஒரு ஷிஃப்டிலும் தாய் ஒரு ஷிஃப்டிலும் வேலை பார்க்கும் வீட்டில், குழந்தை விழித்துக்கொண்டால் உறக்கம் இழப்பது குழந்தை மாத்திரம் அன்று. மறுநாள் தகடு வெட்டும் யந்திரத்தின் முன்னால் நிற்க வேண்டிய ஒருவரும் உறக்கம் இழக்கிறார். விபத்து என்னும் விஷயம் எங்கிருந்து தொடங்குகிறது என்பதை ஆராயும் தொழிலில் இருந்தவனாகையால், இதை நான் ஒருபோதும் சிறிய விஷயமாக நினைத்ததில்லை.

இடைவிடாத இரைச்சல் சிசுவை உறங்கவைக்கும் என்பது புதிய கண்டுபிடிப்பன்று. அழுகிற குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு, அதன் காதோரம் ‘ஷ்... ஷ்...’ என்று நீளமாக ஒலித்தபடி நடக்காத பாட்டி நம் நாட்டில் யார் இருக்கிறாள்? கர்ப்பத்தில் ஏறக்குறைய இருபத்தைந்தாவது வாரத்திலேயே செவி ஒலியை உணரத் தொடங்குகிறது. தாயின் இரத்த ஓட்டமும் இருதயத் துடிப்பும் குடலின் அசைவும் சேர்ந்த கனத்த இரைச்சலுக்குள்ளேயே மாதக்கணக்கில் வாசம் செய்த சிசுவுக்கு, முற்றிலும் நிசப்தமான அறை புதியது என்பதே பலரும் கூறும் விளக்கம். லண்டனில் நடந்த ஒரு சோதனை 1990-ல் குழந்தை வைத்திய சஞ்சிகை ஒன்றில் வெளியாயிற்று. பிறந்து ஒரு வாரம்கூட ஆகாத 40 சிசுக்களை இருபது இருபதாகப் பிரித்து, ஒரு பிரிவினருக்கு, ‘ஒயிட் நாய்ஸ்’ எனப்படும் வெண்ணிரைச்சலைக் கேட்கச் செய்தார்கள். அவர்களில் 16 பேர் ஐந்து நிமிஷத்துக்குள் உறங்கிவிட, அது கேளாத பிரிவில் தாமாக உறங்கியவர்கள் 5 பேரே. இந்தச் சோதனை உறங்கத் தொடங்குவதைப் பற்றியது என்பதையும், இரவு முழுவதும் இரைச்சலில் கிடத்துவதைப் பற்றி அது ஒன்றும் கூறவில்லை என்பதையும் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். யந்திரம் விற்கிறவர்கள் முதல் பாதியை மட்டுமே சொல்கிறார்கள்.

இதற்கென்று பிரத்தியேகமாக வீட்டு யந்திரம் செய்தவர்களில் முன்னோடியாகச் சொல்லப்படுபவர் அமெரிக்காவைச் சேர்ந்த ஜிம் பக்வால்ட்டர். 1962-ல் அவர் செய்த சாதனத்தின் உள்ளே இருந்தது ஒரு சிறு மோட்டாரும் ஒரு விசிறியும்தான். துளையிட்ட மூடி ஒன்றைத் திருப்பி இரைச்சலைக் கூட்டவும் குறைக்கவும் செய்யலாம். இன்று நம் கடைகளில் கிடைப்பவற்றில் பெரும்பாலானவை பதிவு செய்த ஒலியை ஒரு சில்லிலிருந்து திரும்பத் திரும்ப ஒலிப்பவை. விலை மலிந்தவற்றில் பதிவின் முடிவும் தொடக்கமும் சேருமிடத்தில் ஒரு வெட்டுக் கேட்கும். நித்திரை லேசான குழந்தை அந்த வெட்டிலேயே புரளுவதைப் பார்த்திருக்கிறேன். இந்த யந்திரம் எதுவும் வருவதற்கு முன்பு, இப்பிரதேசத்து வீடுகளில் அதன் வேலையைச் செய்து வந்தது மேஜை மின்விசிறி. கோடையில் காற்றுக்காகவும் மழைக்காலத்தில் கொசுவுக்காகவும் ஓடிய அந்த விசிறி, தெருச் சப்தத்தையும் மறைத்து வந்தது என்பதை, மின்சாரம் நின்றவுடன் வீறிட்டு எழும் குழந்தையைக் கண்ட எந்தத் தாயும் அறிவாள்.

என் கருவியைப் பற்றியும் சிறிது சொல்ல வேண்டும். சப்தமானியை எடுத்துக்கொண்டு எங்கே போனாலும், அளக்கத் தொடங்குமுன் காலிப்ரேட்டர் என்னும் சிறு உருளையை அதன் மைக்கில் பொருத்தி, அது எழுப்பும் 1000 ஹெர்ட்ஸ் நாதத்துக்குக் கருவி 94 டெசிபல் காட்டுகிறதா என்று பார்த்துக்கொள்வது எங்கள் தொழிலில் முதல் நியமம். அளக்க வேண்டிய இடம், கேட்கிறவரின் செவி இருக்கும் இடம். யந்திரத்தின் அருகே நின்று அளந்தால் யந்திரத்தைப் பற்றித் தெரியும். மனிதனைப் பற்றித் தெரியாது. டெசிபலின் கணக்கும் சாதாரணக் கூட்டல் கழித்தலுக்கு உட்பட்டதன்று. 90 டெசிபல் தரும் இரு யந்திரங்களை அருகருகே ஓட்டினால் வருவது 93. அதாவது மூன்று டெசிபல் ஏறினால் சப்தத்தின் சக்தி இரட்டிப்பாகிவிட்டது என்று பொருள். நம் நாட்டுத் தொழிற்சாலை விதிகள் 8 மணி நேர வேலைக்கு 90 டெசிபலை எல்லையாக வைத்திருக்கின்றன. அமெரிக்காவின் தொழில் சுகாதார ஆராய்ச்சி நிலையம் 85-ஐ எல்லையாகக் கொண்டு, அதற்குமேல் ஒவ்வொரு மூன்று டெசிபலுக்கும் நேரத்தைப் பாதியாகக் குறைக்கச் சொல்கிறது. இவையெல்லாம் வளர்ந்த மனிதர்களுக்காக, எட்டு மணி நேரம் கழிந்ததும் வீட்டுக்குப் போய்விடுகிறவர்களுக்காக வகுத்தவை. சிசுவின் செவித்துளை சிறியது. அதன் சிறுமையினாலேயே கீச்சொலிகளின் அழுத்தம் அதற்குள் வளர்ந்தவரின் செவியில் இருப்பதைவிட அதிகமாகிறது.

முதலில் என்னை அழைத்தது ஒரு குழந்தைகள் காப்பகம். 2017-ல் திருத்தப்பட்ட மகப்பேறு நலச் சட்டம், 50 அல்லது அதற்கு மேற்பட்ட ஊழியர்கள் உள்ள ஸ்தாபனங்களில் காப்பக வசதி இருக்க வேண்டும் என்றும், தாய் நாளொன்றுக்கு நான்கு முறை அங்கே சென்று குழந்தையைப் பார்த்து வரலாம் என்றும் விதித்த பிற்பாடு, இந்தப் பக்கத்தில் சில காப்பகங்கள் புதிதாகத் தோன்றின. நான் சொல்வது அவற்றில் ஒன்று. அதைக் கவனித்து வந்த ஆயம்மா, குழந்தைகளைப் பார்த்துக்கொள்வதில் நெடுங்கால அனுபவம் உள்ளவர். என்னை வாசலிலேயே நிறுத்திச் சொன்னார்:

“சார், இந்த மிஷினப் போட்டா கொஞ்ச நேரத்துல எல்லாக் குழந்தையும் தூங்கிடுது. அதுல குறை சொல்ல முடியாது. ஆனா சாயங்காலம் வீட்டுக்குப் போறப்ப எனக்கே காதுக்குள்ள ‘ஞொய்’னு இருக்கு. பெரியவ எனக்கே இப்படின்னா, பேசத் தெரியாத பிள்ளைங்களுக்கு எப்படி இருக்கும்னு நீங்கதான் பார்த்துச் சொல்லணும்.”

ஆராய்ச்சிக் கட்டுரைகள் சொல்ல வேண்டியதை அந்த அம்மாள் ஒரு வாக்கியத்தில் சொல்லிவிட்டார் என்றே நினைக்கிறேன். வேலை முடிந்தபின் காதில் இரையும் ஒலி இருக்குமானால், அந்த இடத்தின் சப்தம் அளவு மீறியது என்பதற்கு அது தொழிற்சாலைகளில் நாங்கள் பார்க்கும் முதல் அடையாளம். உள்ளே போய்த் தொட்டிலில் குழந்தையின் தலை இருக்கும் இடத்தில் மைக்கை வைத்துப் பார்த்தேன். யந்திரம் தொட்டிலின் கட்டையிலேயே மாட்டப்பட்டுக் கிட்டத்தட்ட முழு ஒலியில் ஓடிக்கொண்டிருந்தது. கருவி காட்டிய அளவு, பேக்கிங் பகுதியில் வேலை செய்கிறவர்களின் இடத்தில் நான் வழக்கமாகக் காணும் அளவுக்குச் சமீபமாக இருந்தது. தாய் தொழிற்சாலைக்குள் நிற்கும் இரைச்சலும், அவளுடைய குழந்தை காப்பகத்தில் உறங்கும் இரைச்சலும் ஏறக்குறைய ஒன்றாயிருந்ததைப் பார்த்தபோது எனக்கு உண்டான வருத்தத்தை இன்றும் மறக்கவில்லை. அந்தத் தாய்க்காவது காதடைப்பான் கொடுத்திருந்தார்கள்.

இது எங்கள் ஊருக்கு மட்டும் உரிய குறையன்று. கனடாவில் டொரண்டோ நகரத்து வைத்தியர்கள் இத்தகைய 14 யந்திரங்களை அளந்து 2014-ல் வெளியிட்ட முடிவு குழந்தை வைத்திய உலகில் பிரசித்தமானது. முழு ஒலியில் வைத்தபோது, ஒரு மீட்டர் தூரத்திலும் அவை அனைத்துமே, மருத்துவமனைகளில் சிசுக்கள் இருக்கும் அறைகளுக்கு வகுத்த 50 டெசிபல் எல்லையைத் தாண்டின. 30 சென்டிமீட்டரில் மூன்று யந்திரங்கள் 85-ஐயும் தாண்டின. அமெரிக்கக் குழந்தை வைத்தியர் சங்கம் 2023-ல் வெளியிட்ட கொள்கை அறிக்கையில் சொல்லும் யோசனையும் இதனோடு ஒத்ததே: யந்திரம் தூரத்தில் இருக்க வேண்டும், ஒலி தாழ்ந்திருக்க வேண்டும், நேரம் குறுகியிருக்க வேண்டும்.

தூரம் என்பதைப் பற்றி எங்கள் ஊர் அறைகளுக்காகக் கொஞ்சம் விரித்துச் சொல்ல விரும்புகிறேன். திறந்த வெளியில் தூரம் இரட்டிக்குந்தோறும் சப்தம் ஆறு டெசிபல் குறையும்; தூரம் பாதியானால் ஆறு ஏறும். யந்திரத்துக்குப் பதிலாக இந்த இரைச்சலை ஒலிக்கவிட்டு, ஒரு மீட்டரில் 50 டெசிபலாக இருக்கும் கைபேசியை, வீட்டு வசதிக்காகத் தூளிக்குள்ளேயே குழந்தையின் தலைமாட்டில் போட்டுவிட்டால், மீட்டர் அரை மீட்டராகி, அதுவும் கால், அரைக்கால் என்று குறைந்து, அளவு 68-ஐத் தொட்டுவிடுகிறது. இப்படித் தூளிக்குள் கைபேசி போடுகிற வழக்கம் இங்கே சாதாரணம். ஒரு தகப்பன் என்னிடம், “சவுண்டை ரொம்பக் கம்மியாத்தான் சார் வெச்சிருக்கேன்” என்றார். அவர் நின்று கேட்ட இடத்தில் அது கம்மியாகத்தான் இருந்தது. “தம்பி, குழந்தை காது இருக்கிற இடத்தில் உங்கள் காதை வைத்துக் கேளுங்கள்” என்று சொல்லி, தூளியை விலக்கி அவரையே குனியச் சொன்னேன். அவர் வேறொன்றும் பேசாமல் கைபேசியை எடுத்து அலமாரியின்மேல் வைத்தார்.

ஆனால் தூரத்தில் வைப்பதனால் மட்டும் முழுப் பயன் கிட்டிவிடாது என்பதே லைன் வீடுகளின் விசேஷம். பத்தடி அறையில் நான்கு பக்கமும் பூசிய சுவர், மேலே கான்கிரீட், கீழே டைல்ஸ் என்று இருக்கும்போது, சப்தம் எங்கும் உறிஞ்சப்படாமல் சுவருக்குச் சுவர் மோதித் திரும்பி, யந்திரத்திலிருந்து சிறிது தூரம் போனபின் அறை முழுவதும் ஏறக்குறைய ஒரே அளவில் நிரம்பி நிற்கிறது. எவ்வளவு தள்ளி வைத்தாலும் அதற்குமேல் குறையாது. இதற்குப் பரிகாரம் எளியது: கொடியில் கனத்த போர்வையையும் பழைய புடவைகளையும் மடித்துத் தொங்கவிடலாம், கோரைப்பாயை எடுத்துவிட்டு இலவம்பஞ்சு மெத்தையை விரிக்கலாம், அலமாரிக்குத் துணித் திரை போடலாம். தூளியே துணியால் ஆனது என்பதும் ஓர் உபகாரம்தான்.

யந்திரம் உண்மையில் செய்கிற வேலை என்ன என்று தெரிந்துகொண்டால், அதை எவ்வளவு வைக்க வேண்டும் என்பதும் தெரிந்துவிடும். உறங்குகிற அறையின் சப்தம் 35 டெசிபலாக இருக்கையில், தெருவில் பஸ் ஹாரன் அடித்து உள்ளே 65 வந்து சேருகிறது என்று கொள்வோம். குழந்தையை எழுப்புவது அந்த 65 மாத்திரம் அன்று; 35-லிருந்து திடீரென்று 65-க்கு ஏறும் முப்பது டெசிபல் ஏற்றமே எழுப்புகிறது. அறையில் 50 டெசிபல் இரைச்சல் நிலையாக இருந்தால், ஹாரன் அதே 65-ஆகவே வந்தாலும், ஏற்றம் பதினைந்தாகக் குறைகிறது. பகலில் நட்சத்திரங்கள் இல்லாமற் போவதில்லை, வெளிச்சத்தில் தெரியாமல் இருக்கின்றன. அதைப் போலத்தான் இதுவும். ஆகவே யந்திரம் ஹாரனை ஒரு டெசிபல்கூடக் குறைப்பதில்லை என்பதையும், குழந்தையின் செவிக்குப் போகும் மொத்தச் சப்தத்தைக் கூட்டவே செய்கிறது என்பதையும் ஞாபகத்தில் வைக்க வேண்டும். லாரி எஞ்சினின் அடித்தொண்டை உறுமல் போன்ற தாழ்ந்த ஒலிகளை, கைபேசியின் சிறு ஒலிபெருக்கியிலிருந்து வரும் ‘ஸ்ஸ்’ என்ற கீச்சிரைச்சல் மறைக்கவும் மாட்டாது. அது மறைக்கவில்லையே என்று ஒலியைக் கூட்டிக்கொண்டு போகிறவர்கள், பயன் ஒன்றும் பெறாமல் தீமையை மாத்திரம் வளர்க்கிறார்கள். கீச்சுக் குறைந்து கனம் மிகுந்த மழையிரைச்சல், விசிறி இரைச்சல் போன்றவையே குறைந்த ஒலியில் அதிகப் பயன் தருபவை.

இன்னொரு கணக்கு என்னை நெடுநாள் யோசிக்க வைத்தது. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள், குடியிருப்புப் பகுதியில் இரவு பத்து மணி முதல் காலை ஆறு மணி வரை 45 டெசிபலுக்குமேல் சப்தம் கூடாது என்கின்றன. உலக சுகாதார ஸ்தாபனம் 1999-ல் வகுத்த பிரமாணம், படுக்கையறைக்குள் 30 டெசிபல் போதும் என்கிறது. நாம் நன்மை என்று கருதி ஏற்கும் 50 டெசிபல், இந்த இரண்டு எல்லைகளையுமே தாண்டிய அளவு. ஆதலால் அந்த 50 உச்ச எல்லையாக இருக்கலாமேயன்றி, வழக்கமான அளவாக இருக்கலாகாது. வேலை முடிந்தவுடன் அது நின்றுவிடவும் வேண்டும்.

ஏன் நிற்க வேண்டும் என்பதற்குச் செவியின் நலத்தைத் தவிர வேறொரு காரணமும் உண்டு. எட்வர்டு சாங், மைக்கேல் மெர்ஸனிச் என்னும் இரு விஞ்ஞானிகள் 2003-ல் வெளியிட்ட ஆராய்ச்சி ஒன்றில், எலிக்குஞ்சுகளை இடைவிடாத மிதமான இரைச்சலிலேயே வளர்த்தபோது, ஒலிகளைப் பிரித்தறியும் மூளைப் பகுதி உரிய காலத்தில் முதிராமல் பின்தங்கியது என்றும், இரைச்சலை நீக்கியபின் அது முதிரலாயிற்று என்றும் கண்டார்கள். எலியின் செய்தியை அப்படியே மனிதக் குழந்தைக்கு ஏற்றிச் சொல்வது முறையாகாது. ஆயினும் விழித்திருக்கும் வேளையில் குழந்தைக்கு வேண்டியது தாயின் குரலும் தந்தையின் குரலும் காகத்தின் குரலும், அவற்றுக்கு நடுவே நிசப்தமும் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. நம் முன்னோர் பிள்ளைத்தமிழில் தாலாட்டுக்கென்றே ஒரு பருவம் வைத்தார்கள். பெரியாழ்வார் யசோதையின் பாவத்தில் நின்று கண்ணனைத் தொட்டிலிட்டுப் பாடிய பாசுரங்கள் திவ்யப் பிரபந்தத்தின் ஒரு பகுதி. தாலாட்டில் உறங்கவைக்கும் இழுப்பும் உண்டு, மொழியும் உண்டு. குழந்தை கண்ணயர அயர அது தானாகவே தாழ்ந்து நின்றும் விடுகிறது. இரவு ஷிஃப்ட் முடிந்து வந்த தாய்க்குப் பாடத் தெம்பில்லை என்றால் அவளைக் குறை சொல்ல எவருக்கும் உரிமையில்லை. அந்த வேளையில் யந்திரம் உதவட்டும். அவளுக்குத் தெம்புள்ள வேளையில் யந்திரம் அவளுடைய இடத்தை எடுத்துக்கொள்ளக் கூடாது.

அந்தக் காப்பகத்தின் விஷயத்தை முடித்துவிடுகிறேன். யந்திரத்தை நிறுத்தச் சொல்லிவிட்டு, ஆயம்மாளோடு குழந்தைகள் உறங்கும் வேளை முழுவதும் ஒரு மூலையில் உட்கார்ந்து, சப்தமானியின் அளவு எப்போதெல்லாம் துள்ளுகிறது, எதனால் துள்ளுகிறது என்று எழுதிக்கொண்டே வந்தேன். எங்கள் தொழிலில் சப்தத்தைக் கட்டுப்படுத்துவதற்கு ஒரு கிரமம் உண்டு: முதலில் அது பிறக்கும் இடத்தில் குறைக்க வேண்டும், முடியாவிட்டால் அது வரும் வழியில் தடுக்க வேண்டும், இரண்டும் முடியாத போதுதான் கேட்கிறவரின் காதுக்கு ஏதேனும் செய்ய வேண்டும். வெண்ணிரைச்சல் யந்திரம் இந்த மூன்றாம் வகையைச் சேர்ந்தது. முதலிரண்டையும் தொடாமல் மூன்றாவதற்கு ஓடுவது தொழிற்சாலையில் எவ்வளவு தவறோ, காப்பகத்திலும் அவ்வளவு தவறு. எழுதிய தாளைப் பார்த்தபோது, குழந்தைகளைப் புரளவைத்த ஒலிகளில் பெரும்பாலானவை சாலையிலிருந்து வந்தவையல்ல என்பது தெரிந்தது. இரும்புக் கதவின் தாழ்ப்பாள், பக்கத்து அறையில் எவர்சில்வர் தட்டுகளை அடுக்கும் ஓசை, குக்கரின் விசில், டைல்ஸ் தரையில் நாற்காலி இழுபடுவது, எவருடைய கைபேசியோ மணியடிப்பது: எல்லாம் கைக்கு எட்டிய இடத்திலேயே பிறந்தவை.

தாழ்ப்பாளுக்கும் கதவு மோதும் சட்டத்துக்கும் ரப்பர்ப் பட்டை ஒட்டினோம். நாற்காலிக் கால்களுக்கு ரப்பர்க் குப்பி போட்டோம். பாத்திரம் தேய்ப்பதைக் குழந்தைகள் விழித்தபின் வைத்துக்கொள்ளச் சமையல் அம்மாளிடம் கேட்டுக்கொண்டோம். சாலைப் பக்கத்துச் சுவரோரம் இருந்த தொட்டில்களை உட்சுவரோரம் மாற்றி, ஜன்னலுக்குக் கனத்த திரை போட்டோம். இவ்வளவுக்கும் ஆன செலவு அந்த யந்திரத்தின் விலையளவுக்குக்கூட வரவில்லை. அதன்பின் யந்திரத்தை எதிர்ச்சுவரின் அலமாரியில் வைத்து, ஆயம்மா தொட்டிலருகே நின்று ரகசியம் பேசுவதுபோல் மெல்லச் சொன்னாலும் நான் தெளிவாகக் கேட்கும் அளவுக்கு ஒலியைத் தாழ்த்தினோம். தொழிற்சாலையில் கைநீளத் தூரத்தில் நிற்பவரோடு குரலை உயர்த்திப் பேச வேண்டியிருந்தால் அங்கே 85 டெசிபல் இருக்கிறது என்று கருவியில்லாமலே உத்தேசிக்கலாம். தொட்டிலருகே மென்குரலே போதுமானதாக இருக்க வேண்டும் என்பது அதே சோதனையின் மறுபக்கம். கருவி இல்லாத எந்த வீட்டிலும் இதைச் செய்து பார்க்கலாம்.

அந்தத் தாழ்ந்த ஒலியில் வேறொரு நன்மையும் தெரிந்தது. முன்பெல்லாம் மூலைத் தொட்டிலில் ஒரு குழந்தை சிணுங்கினால் இரைச்சலில் அது கேட்பதில்லை; அழுகை உரத்தபின்தான் ஆயம்மா எழுந்து போவார். சிசு மூச்சுத் திணறினாலும் கக்கினாலும் எழும் ஒலி மிகச் சிறியது. அதைக் காவலிருப்பவரின் காதிலிருந்து மறைக்கும் எந்த இரைச்சலும் ஆபத்தானது. குழந்தைகள் உறங்கிய சிறிது நேரத்தில் ஒலியைச் சிறுகச் சிறுகக் குறைத்து நிறுத்திவிடுவதை ஆயம்மா தாமாகவே வழக்கமாக்கிக்கொண்டார். சட்டென்று அணைத்தால் சில குழந்தைகள் விழித்துவிடுகின்றன என்பதை எனக்குச் சொல்லித் தந்தவர் அவரே.

வீடுகளுக்கு அழைக்கப்பட்டுப் போகும்போது நான் சொல்வது இதைவிட அதிகம் இல்லை. யந்திரமோ கைபேசியோ தூளிக்குள்ளும் தொட்டில் கட்டையிலும் இருக்கவே கூடாது. அதன் ஒயர் குழந்தையின் கைக்கெட்டும் இடத்தில் தொங்கக் கூடாது. ஒலியின் குமிழை ஒருமுறை சரியான இடத்தில் வைத்தபின் அங்கே ஒரு கோடு கிழித்துவிட்டால், வீட்டில் வேறு யார் போட்டாலும் அதைத் தாண்டாது. வீட்டில் விசிறி இருந்தால் அதுவே போதும். புதிதாக ஒன்று வாங்க வேண்டியதில்லை. ஐபோனில் இயங்கும்படி அமெரிக்கத் தொழில் சுகாதார நிலையம் வெளியிட்ட இலவசச் சப்தமானிச் செயலி ஒன்று உண்டு. அது வைத்திருக்கும் நண்பர் ஒருவரை அழைத்துத் தொட்டிலில் ஒருமுறை அளந்து பார்த்துக்கொள்ளலாம். ஒலிக்குக் குழந்தை திரும்பவில்லை, பேச்சு வரத் தாமதமாகிறது என்ற ஐயம் எழுந்தால், என்னைப் போன்றவர்களிடம் கேட்டுக் காலத்தைக் கழிக்காமல் காது வைத்தியரிடம் செல்ல வேண்டும்.

இனி நான் சொல்ல வேண்டியது பெற்றோருக்கன்று. சப்தம் பிறக்கும் இடத்தில் அதிகாரம் உள்ளவர்கள் இந்தப் பிரதேசத்தில் அநேகர் இருக்கிறார்கள். கம்பெனிப் போக்குவரத்தைக் கவனிக்கும் அதிகாரிகளையும், பஸ் குத்தகைதாரர்களையும், ஓட்டுநர் தம்பிகளையும் நான் கேட்டுக்கொள்வது ஒன்றே: விடியற்காலையில் தெருமுனையில் நின்று ஹாரன் அடிக்காதீர்கள். வர வேண்டியவருக்குக் கைபேசியில் ஒரு மிஸ்டு கால் கொடுத்தால் போதும். அந்தத் தெருவில் உறங்கிக்கொண்டிருக்கும் குழந்தைகளுக்கு அதைவிடப் பெரிய உதவியை எந்த யந்திரமும் செய்ய முடியாது.